தொழுகை இருப்பில் என்ன ஓதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் இஷா (இரவுத் தொழுகை) முடிந்த பிறகு பெரியவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். தறிக்காரர், ஜவுளிக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், சவுதியில் இருந்து லீவுக்கு வந்தவர் என்று பலரும் வருவார்கள். நின்று ஓதும் ஃபாத்திஹாவில் (குர்ஆனின் முதல் அத்தியாயம்) யாருக்கும் பெரிய சந்தேகம் வருவதில்லை. இமாம் சத்தமாக ஓதுவதைக் கேட்டுக் கேட்டே அது திருந்திவிடும். உட்கார்ந்து, அதாவது இருப்பில், ஓதுவது அப்படியில்லை. இமாமும் மனசுக்குள் முணுமுணுப்பார், பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான். ஏழு வயதில் தப்பாகப் பிடித்த வார்த்தை எழுபது வயது வரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், காதில் விழுந்து திருத்த ஆளிருக்காது. அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதிவைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஹனஃபிப் பள்ளிவாசலும் உண்டு, ஷாஃபிப் பள்ளிவாசலும் உண்டு; இரண்டும் தனித்தனி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு). காயல்பட்டினம் போனால் பெரும்பாலும் ஷாஃபி (1986 வரை அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான்). பிறகு மத்ஹபைப் பின்பற்றாத தவ்ஹீத் பள்ளிகளும் வந்தன. வித்தியாசம் வருகிற இடங்களில் யார் என்ன சொல்கிறார்கள் என்று தனித்தனியாகச் சொல்கிறேன். நான் முஃப்தி (மார்க்கத் தீர்ப்புச் சொல்பவர்) இல்லை. சிக்கலான விஷயத்துக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் போய்க் கேளுங்கள்.

ஒரு தொழுகையில் எத்தனை இருப்பு?

ஒவ்வொரு ரக்அத்திலும் (தொழுகையின் ஒரு சுற்று) இரண்டு ஸஜ்தாவுக்கு (நெற்றியைத் தரையில் வைப்பது) நடுவே ஒரு சிறு இருப்பு. சுப்ஹில் (அதிகாலைத் தொழுகை) அத்தஹிய்யாத்து என்ற வாழ்த்தை ஓதும் இருப்பு ஒன்று. லுஹர், அஸர், மஃரிப், இஷா நான்கிலும் நடு இருப்பு, கடைசி இருப்பு என்று இரண்டு. ஷாஃபிக்காரர்கள் முதல் ரக்அத்தும் மூன்றாம் ரக்அத்தும் முடிந்து எழும்முன் ஒரு நொடி உட்கார்ந்து எழுவார்கள். அதில் ஓத ஒன்றும் இல்லை.

இரண்டு ஸஜ்தாவுக்கு நடுவே என்ன ஓதுவது? பேசாமல் இருந்தால் தொழுகை கூடுமா (செல்லுமா)?

மிகச் சின்னது: ‘ரப்பிக்ஃபிர் லீ, ரப்பிக்ஃபிர் லீ’. என் ரப்பே, என்னை மன்னித்துவிடு என்று பொருள். நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அறிவித்தது. கொஞ்சம் நீளமாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்தது அபூதாவூத் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது: ‘அல்லாஹும்மக்ஃபிர் லீ, வர்ஹம்னீ, வஆஃபினீ, வஹ்தினீ, வர்ஸுக்னீ’. மன்னிப்பு, ரஹ்மத் (அருள்), சுகம், நேர்வழி, ரிஸ்க் (பிழைப்புக்கானது) என ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்கிறோம். ‘வஜ்புர்னீ’, ‘வர்ஃபஃனீ’ சேர்ந்த அறிவிப்புகளும் உண்டு. வஜ்புர்னீ என்பதற்கு ‘என் உடைசலைச் சரிசெய்’ என்று பொருள். முறிந்த எலும்பைக் கட்டுவதற்கு அரபியில் ஜப்ர் என்பார்கள், அந்த வேர்தான்.

ஷாஃபியில் இதை ஓதுவது சுன்னத் (நபிவழி, கட்டாயமில்லை). ஹனஃபியில் பர்ளு (கடமையான) தொழுகையில் இதைக் கட்டாயமாக்கவில்லை, ஓதினால் நல்லது என்று பிற்கால உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்கள். ஆக, ஓதாவிட்டாலும் தொழுகை கூடும்.

ஆனால் உட்காராவிட்டால்? அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதுகு நிமிர்வதற்குள் அடுத்த ஸஜ்தா. அவசரமாகத் தொழுத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் ‘திரும்பப் போய்த் தொழும், நீர் தொழவில்லை’ என்று மூன்று தடவை அனுப்பிய ஹதீஸ் புகாரி தொகுப்பில் இருக்கிறது. கடைசியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தபோது ‘ஸஜ்தாவிலிருந்து எழுந்து அமைதியாக உட்காரும் வரை உட்காரும்’ என்றார்கள். அந்த அமைதி ஷாஃபியில் பர்ளு, ஹனஃபியில் வாஜிப் (பர்ளுக்கு அடுத்தபடியான கட்டாயம்). ‘ரப்பிக்ஃபிர் லீ’யை இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், அந்த நேரத்துக்கு முதுகு தானாக நிமிர்ந்து நிற்கும். ஓதலால் கிடைக்கும் கைமேல் பலன் இது.

அத்தஹிய்யாத்தை முழுசாக ஒரு தடவை எழுதிக் காட்டுங்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு விதமாக ஓதுகிறோம்.

இரண்டும் சரியானவைதான். ஹனஃபிகள் ஓதுவது இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்தது, புகாரியிலும் முஸ்லிம் என்ற தொகுப்பிலும் இருக்கிறது:

‘அத்தஹிய்யாத்து லில்லாஹி வஸ்ஸலவாத்து வத்தய்யிபாத்து, அஸ்ஸலாமு அலைக்க அய்யுஹன் நபிய்யு வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு, அஸ்ஸலாமு அலைனா வஅலா இபாதில்லாஹிஸ் ஸாலிஹீன், அஷ்ஹது அன் லா இலாஹ இல்லல்லாஹு, வஅஷ்ஹது அன்ன முஹம்மதன் அப்துஹு வரஸூலுஹு.’

ஷாஃபிகள் ஓதுவது இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்தது, முஸ்லிமில் இருக்கிறது. ஆரம்பம் மாறும்: ‘அத்தஹிய்யாத்துல் முபாரகாத்துஸ் ஸலவாத்துத் தய்யிபாத்து லில்லாஹ்’. முடிவில் ‘வஅஷ்ஹது அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ்’. நடுவில் உள்ளது ஒன்றேதான். காயலில் பெண் எடுத்தவர் வீட்டில் பிள்ளைகள் உம்மாவிடம் ஒன்றும் வாப்பாவிடம் ஒன்றும் கேட்டுவிட்டு இரண்டையும் கலந்து ஓதுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பிடித்து அதை ஒழுங்காகப் பாடமாக்கிவிடுங்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது உம்மா. மடியில் பீடித் தட்டு இருக்கும். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுவதற்குள் ஒரு துண்டைச் சொல்லிவிடுவார்கள். பீடி தட்டில் விழுந்ததும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் அடுத்த பீடிக்கும் அதே துண்டுதான். ‘வஅலா இபாதில்லாஹிஸ் ஸாலிஹீன்’ வராமல் ஒரு கட்டுப் பீடி முடிந்துபோன நாள் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) தன் அறிவிப்பில் ‘என் கை நபியவர்களின் இரு கைகளுக்கு இடையில் இருக்க, குர்ஆன் சூராவைக் கற்றுத்தருவதுபோல் எனக்குக் கற்றுத்தந்தார்கள்’ என்று சொல்வதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் புகையிலை வாசம் அடிக்கும் அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

அர்த்தம் என்ன?

‘எல்லா வாழ்த்தும், எல்லாத் தொழுகையும், நல்லவை எல்லாமும் அல்லாஹ்வுக்கே. நபியே, உங்கள் மீது ஸலாமும் அல்லாஹ்வின் ரஹ்மத்தும் அவனுடைய பரக்கத்தும் உண்டாகட்டும். எங்கள் மீதும் அல்லாஹ்வின் நல்லடியார்கள் மீதும் ஸலாம் உண்டாகட்டும். வணக்கத்துக்கு உரியவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை என்று சாட்சி சொல்கிறேன். முஹம்மத் அவனுடைய அடியாரும் தூதரும் என்று சாட்சி சொல்கிறேன்.’

பல தமிழ்ப் புத்தகங்களில் முதல் வார்த்தைக்குக் ‘காணிக்கைகள்’ என்று போட்டிருப்பார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் நம்மூரில் காணிக்கை என்றதும் உண்டியலும் சில்லறையும்தான் கண்முன் வருகிறது. தஹிய்யத் என்றால் பெரியவர் ஒருவர் முன்னால் போய் நின்றதும் மரியாதையாகச் சொல்கிற வாழ்த்து.

இதன் பின்னணியையும் இப்னு மஸ்ஊதே சொல்கிறார். ஆரம்பத்தில் ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) இருப்பில் ‘அல்லாஹ்வுக்கு ஸலாம், ஜிப்ரீலுக்கு ஸலாம், மீக்காயீலுக்கு ஸலாம், இன்னாருக்கு ஸலாம்’ என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘அல்லாஹ்தான் அஸ்ஸலாம் (சாந்தி அளிப்பவன்)’ என்று சொல்லி நபியவர்கள் அதை மாற்றி அத்தஹிய்யாத்தைக் கொடுத்தார்கள். ‘எங்கள் மீதும் நல்லடியார்கள் மீதும்’ என்று சொன்னால் வானத்திலும் பூமியிலும் உள்ள ஒவ்வொரு நல்லடியாருக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும் என்றும் சொன்னார்கள். கல்யாணத்துக்கு ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைத்துக் கடைசியில் நாலு பேரை விட்டுவிடுவோமே, அந்தச் சங்கடமே இங்கே கிடையாது.

மிஃராஜில் (நபியின் விண்பயணம்) அல்லாஹ்வும் நபியும் பேசிக்கொண்டதுதான் அத்தஹிய்யாத்து என்று பயானில் (மார்க்கப் பேச்சு) கேட்டிருக்கிறேனே?

நானும் கேட்டிருக்கிறேன், கேட்க இனிமையாகத்தான் இருக்கும். நம்பகமான அறிவிப்பாளர் வரிசை அதற்குக் கிடையாது. புகாரியில் இருப்பது மேலே சொன்ன சம்பவம்தான்.

தமிழ் எழுத்தில் பார்த்துப் பாடமாக்கலாமா?

ஆரம்பத்துக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம், அதையே கடைசி வரை பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வகுப்பில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது.

முதல் பிரச்சினை ‘அஷ்ஹது அன் லா இலாஹ’. அரபியில் நூனை (ன்) லாமுக்குள் (ல்) இழுத்து ‘அல் லா இலாஹ’ என்றுதான் ஓத வேண்டும். அதனால் நிறையப் புத்தகங்களில் ‘அஷ்ஹது அல்லா இலாஹ’ என்று அச்சாகியிருக்கும். படிக்கிறவர் அதை ‘அல்லாஹ்’ என்று எடுத்துக்கொள்வார். ஒரு பெரியவர், தறி நெய்து ஓய்ந்தவர், என்னிடம் ஓதிக்காட்டியபோது ‘அஷ்ஹது அல்லாஹ், இலாஹ இல்லல்லாஹ்’ என்று நிறுத்தி நிறுத்தி ஓதினார். ‘இல்லை’ என்கிற ‘லா’வே காணாமல் போய்விட்டது. அது ‘அன்’, ‘லா’ என்ற இரண்டு வார்த்தை என்று எழுதிக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘இவ்வளவு நாள் ஓதினதெல்லாம்?’ என்றார். தெரியாமல் ஓதியதை அல்லாஹ் அறிவான் காக்கா (அண்ணே), இனிமேல் சரியாக ஓதுவோம் என்றேன். அவர் அன்றைக்கே அதை முப்பது தடவை சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

இரண்டாவது, ‘ஹ’. அத்தஹிய்யாத்தில் வரும் ‘ஹ’ தொண்டையின் நடுவிலிருந்து உரசிக்கொண்டு வருவது. அஷ்ஹதுவில் வரும் ‘ஹ’ தொண்டை அடியிலிருந்து லேசாக வருவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஸாலிஹீன் என்பதில் ‘ஸ’ தடித்த ஸாது, அஸ்ஸலாமில் மெல்லிய ஸீன். தய்யிபாத்தின் ‘த’ கனமான தா, அத்தஹிய்யாத்தின் ‘த’ மெல்லியது.

நம் முன்னோருக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருந்தது. அதனால்தான் தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழை வளர்த்தார்கள். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்துப் புது எழுத்துகளும் செய்துகொண்டார்கள். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத எத்தனையோ பாட்டிமார் அதில் மார்க்கம் படித்தார்கள். அரபி எழுத்துத் தெரிந்தவருக்கு ஸாதும் ஸீனும் குழம்பாது. இப்போது நமக்கு அது தலைகீழாகிவிட்டது.

அப்புறம் ‘ழ’. பின்னால் வரும் வேண்டுதல் ஒன்றில் ‘ழலம்து’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாழைப்பழத்தில் வரும் ழகரத்தைப் போடாதீர்கள். அதுவும் நாம் ‘வாளப்பளம்’ என்று சொல்கிற ஊர்க்காரர்கள், கேட்கவே வேண்டாம். அந்த எழுத்தை ஒரு ஓதத் தெரிந்தவர் வாயைப் பார்த்துத்தான் படிக்க முடியும். நாக்கு நுனி மேல்பல் ஓரத்தைத் தொட வேண்டும்.

அஸ்ஸலாமு அலைக்க என்று நபியை நேரில் கூப்பிடுவதுபோல் ஓதலாமா?

ஓதலாம். நபியவர்கள் கற்றுத்தந்த வார்த்தை அது, நான்கு மத்ஹபிலும் அப்படித்தான். நபியவர்கள் மறைந்த பிறகு ‘அஸ்ஸலாமு அலன் நபி’ என்று ஓதியதாக இப்னு மஸ்ஊதின் ஓர் அறிவிப்பும் புகாரியில் உண்டு. அப்படி ஓதுகிறவரைக் கண்டால் சண்டைக்குப் போக வேண்டாம்.

விரலை எப்போது நீட்டுவது?

ஓதல் கேள்வியில் இது எப்படியும் வந்துவிடும். ஹனஃபியில் ‘லா இலாஹ’ என்னும்போது உயர்த்தி ‘இல்லல்லாஹ்’ என்னும்போது தாழ்த்துவார்கள். ஷாஃபியில் ‘இல்லல்லாஹ்’ என்னும்போது உயர்த்தி, ஆட்டாமல் முடிவு வரை அப்படியே வைத்திருப்பார்கள். வாயில் பின் ஹுஜ்ர் (ரலி) அறிவிப்பில் ‘அசைத்தார்கள்’ என்ற வார்த்தை வருவதை எடுத்துக்கொண்டு அசைப்பவர்களும் உண்டு. ஒரே வரிசையில் மூன்று விதமும் நடக்கும். அடுத்தவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் அத்தஹிய்யாத்து எங்கே நின்றது என்று உங்களுக்கே தெரியாது.

நடு இருப்பில் ஸலவாத்து (நபிக்கு அருள் வேண்டுவது) ஓத வேண்டுமா?

ஹனஃபியில் கூடாது. ‘வரஸூலுஹு’ என்றதும் எழுந்துவிட வேண்டும். மறந்துபோய் ‘அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத்’ வரை ஓதிவிட்டால் மூன்றாவது ரக்அத்துக்கு எழுவது தாமதமாகிவிட்டது என்று மறதிக்கான ஸஜ்தா செய்யச் சொல்வார்கள். ஷாஃபியில் நடு இருப்பிலும் நபியின் மீது ஸலவாத்து சுன்னத், ‘அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத்’ என்ற அளவு போதும்.

கடைசி இருப்பில் எல்லோரும் முழுசாக ஓத வேண்டியது:

‘அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மதின் வஅலா ஆலி முஹம்மதின், கமா ஸல்லைத்த அலா இப்ராஹீம வஅலா ஆலி இப்ராஹீம, இன்னக ஹமீதும் மஜீத். அல்லாஹும்ம பாரிக் அலா முஹம்மதின் வஅலா ஆலி முஹம்மதின், கமா பாரக்த அலா இப்ராஹீம வஅலா ஆலி இப்ராஹீம, இன்னக ஹமீதும் மஜீத்.’

கஅப் பின் உஜ்ரா (ரலி) ‘உமக்கு ஒரு அன்பளிப்புத் தரட்டுமா?’ என்று கேட்டுவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்தது இந்த ஸலவாத்தைத்தான். ஹனஃபியில் இது சுன்னத். ஷாஃபியில் கடைசி இருப்பில் நபியின் மீது ஸலவாத்துச் சொல்வது பர்ளு, விட்டால் தொழுகை கூடாது.

ஸலவாத்துக்குப் பிறகு, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் முன் என்ன துஆ (வேண்டுதல்)?

கடைசி அத்தஹிய்யாத்தை முடித்ததும் நான்கு விஷயங்களில் இருந்து பாதுகாப்புத் தேடச் சொல்லி முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள்: ‘அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மின் அதாபி ஜஹன்னம, வமின் அதாபில் கப்ரி, வமின் ஃபித்னதில் மஹ்யா வல்மமாத்தி, வமின் ஷர்ரி ஃபித்னதில் மஸீஹித் தஜ்ஜால்’. நரக வேதனை, கப்ர் (மண்ணறை) வேதனை, வாழ்விலும் சாவிலும் வரும் சோதனை, தஜ்ஜாலின் (கடைசிக் காலத்தில் வரும் பெரும் பொய்யன்) குழப்பம் என்று நான்கு.

அபூபக்ர் (ரலி) அவர்களே ‘தொழுகையில் கேட்க எனக்கு ஒரு துஆ கற்றுத்தாருங்கள்’ என்று கேட்டு வாங்கியது ஒன்று உண்டு: ‘அல்லாஹும்ம இன்னீ ழலம்து நஃப்ஸீ ழுல்மன் கஸீரன், வலா யக்ஃபிருத் துனூப இல்லா அன்த, ஃபக்ஃபிர் லீ மக்ஃபிரதன் மின் இந்திக, வர்ஹம்னீ, இன்னக அன்தல் கஃபூருர் ரஹீம்’. எனக்கே நான் நிறைய அநியாயம் செய்துகொண்டேன் என்று ஆரம்பிக்கிறது. அபூபக்ருக்குக் கொடுத்த வார்த்தை இப்படி என்றால் நம் கதையை யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து ஹனஃபி வீடுகளில் ‘ரப்பனா ஆத்தினா’வும் (பகரா 201), ‘ரப்பிஜ்அல்னீ முகீமஸ் ஸலாத்தி’யும் (இப்ராஹீம் 40, 41) வழக்கம். இரண்டும் குர்ஆன் துஆ, தாராளமாக ஓதலாம்.

அந்த இடத்தில் தமிழில் துஆ கேட்கலாமா?

அரபியில் ஓத முடிந்தவர் தொழுகைக்குள் தமிழில் கேட்பதை ஹனஃபி, ஷாஃபி உலமாக்கள் தடுக்கிறார்கள். ஸலாம் கொடுத்துவிட்டுக் கையேந்தி, மகள் கல்யாணத்தையும் மகன் விசாவையும் நம்ம பாஷையிலேயே கேளுங்கள்.

புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர், வயதானவர், பாடமே ஆகவில்லை என்பவர் என்ன செய்வது?

கற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் அரபி வராதவர் அத்தஹிய்யாத்தின் அர்த்தத்தைத் தன் மொழியில் சொல்ல ஷாஃபியில் இடமுண்டு. முயற்சியை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஷாஃபியில் ‘அத்தஹிய்யாத்து லில்லாஹ்’ என்று சுருக்கி நேரே ஸலாமுக்குப் போகிற குறைந்த அளவும் உண்டு. வயதானவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். தினம் ஒரு துண்டு என்று எடுத்தால் பத்து நாள் வேலை.

தராவீஹில் (ரமலான் இரவுத் தொழுகை) பாதி ஓதும்போதே இமாம் ஸலாம் கொடுத்துவிடுகிறார். நான் என்ன செய்வது?

அத்தஹிய்யாத்தே முடியவில்லை என்றால் முடித்துவிட்டு ஸலாம் கொடுங்கள், ஹனஃபியில் அது வாஜிப். ஸலவாத்தும் துஆவும்தான் பாக்கி என்றால் ஹனஃபிகள் இமாமோடு ஸலாம் கொடுத்துவிடலாம். ஷாஃபிகள் ஸலவாத்தையும் முடித்துவிட்டே கொடுக்க வேண்டும்.

இமாம்களிடம் ஒரு வார்த்தை: இருபது ரக்அத்தில் பத்து ஸலாம். ஒவ்வொரு இருப்பிலும் அரை நிமிஷம் கூட்டினால் மொத்தம் ஐந்து நிமிஷம். வெளியே டீக்கடை அதற்குள் மூடிவிடாது.

நடு இருப்பை மறந்து எழுந்துவிட்டேன்.

முழுசாக நிமிர்ந்துவிட்டால் திரும்ப உட்கார வேண்டாம். நபியவர்களுக்கே லுஹரில் இப்படி ஆகி, கடைசியில் இரண்டு ஸஜ்தா செய்ததை அப்துல்லாஹ் பின் புஹைனா (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாஃபியில் அந்த ஸஜ்தாவை ஸலாமுக்கு முன் செய்வார்கள். ஹனஃபியில் வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்து, ஸஜ்தா செய்து, மறுபடி அத்தஹிய்யாத்து ஓதி முடிப்பார்கள்.

பெண்களுக்கு வேறு ஓதலா?

இல்லை, அதேதான். ஹனஃபியில் உட்காரும் விதம்தான் மாறும்: இரண்டு காலையும் வலப்பக்கம் விட்டுத் தரையில் அமர்வார்கள்.

முட்டி வலி. நாற்காலியில் தொழுகிறேன். ஓதலில் ஏதாவது குறையுமா?

ஒன்றும் குறையாது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) மூலநோயோடு இருந்தபோது ‘நின்று தொழும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்து’ என்று நபியவர்கள் சொன்னார்கள். உடம்புக்குத்தான் சலுகை, நாக்குக்கு இல்லை. நாற்காலியில் பார்க்கும் ஒரு குறை: இரண்டு ஸஜ்தாவையும் தலையாட்டுவதுபோல் அடுத்தடுத்துக் குனிந்து முடித்துவிடுகிறார்கள். நடுவில் நிமிர்ந்து ‘ரப்பிக்ஃபிர் லீ’ சொல்லுங்கள்.

தரையில் உட்கார முடிந்தவர்கள் பத்தமடைப் பாயில் வெறுங்காலோடு உட்கார்ந்து பாருங்கள். நிதானமாக ஓதி எழுந்தால் இடது கணுக்காலில் கோரை வரிகள் பதிந்திருக்கும். என் வாப்பா காலில் அது அழியாமலே கிடந்தது.

மஃரிபுக்கு ஓடி வந்து சேர்ந்தேன். நாலு தடவை அத்தஹிய்யாத்து ஓதிவிட்டேன். தொழுகை கூடியதா?

கூடியது. இரண்டாம் ரக்அத்தின் ருகூஃ (முழங்காலில் கைவைத்துக் குனிவது) முடிந்த பிறகு சேர்ந்திருப்பீர்கள். அந்த ரக்அத் உங்களுக்குக் கணக்கில் வராது, ஆனால் இமாமோடு உட்கார வேண்டும்: ஒன்று. அடுத்த ரக்அத்துதான் உங்களுக்கு முதலாவது, இமாமுக்குக் கடைசி: இரண்டு. இமாம் ஸலாம் கொடுத்ததும் எழுந்து உங்கள் இரண்டாவதைத் தொழுது உட்காருகிறீர்கள்: மூன்று. பிறகு மூன்றாவது: நான்கு. இமாமின் கடைசி இருப்பில் ஹனஃபிகள் அத்தஹிய்யாத்தை மட்டும் மெதுவாக நீட்டி ஓதுவார்கள், ஷாஃபிகள் ஸலவாத்தும் துஆவும் சேர்த்தே ஓதுவார்கள். உங்களுடைய நான்காவதில் எல்லாவற்றையும் ஓதி ஸலாம் கொடுங்கள்.